தீபாவளிச் சாயத்துக்கு அடியில் இருக்கும் ஈரம்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் அக்டோபர் மாதம் பிறந்துவிட்டால் இரண்டு காரியங்கள் சேர்ந்தே நடக்கின்றன. பிற்பகலில் மலைப்பக்கம் இருண்டு மழை கொட்டத் தொடங்குகிறது. அதே வாரங்களில் தீபாவளியை முன்னிட்டு வீட்டுக்கு வீடு சாய வாளிகள் திறக்கப்படுகின்றன. தீபகற்பத்தின் மேற்குப் பகுதிகளில் ஆண்டிலேயே கனமழை பெய்வது அக்டோபரிலும் நவம்பரிலும்தான் என்பதால், சுவர் மிக அதிகமாக நீரைக் குடித்திருக்கும் சமயத்தில் அதன்மேல் புதுச் சாயத்தைப் பூசி மூடிவிடுகிறோம். தைப்பூசம் வருவதற்குள் அதே மூலையில் அதே கரும்புள்ளிகள் எழுந்துவிடுகின்றன. ஹார்ட்வேர் கடைக்காரர் மட்டமான சாயத்தைக் கொடுத்துவிட்டார் என்று பேச்சும் எழுகிறது. பெரும்பாலும் அந்தக் கடைக்காரர் மேல் பிழை இல்லை.

பூஞ்சணத்தை அகற்றுவதற்கென்றே ஆள் வைத்துச் செய்யும் வழக்கம் இந்த ஊரில் அண்மைக் காலம் வரை கிடையாது. குளோரோக்ஸ் வெளுப்புநீரை ஊற்றித் துடைப்பது, சாயம் பூசுவது, அலமாரியை நகர்த்தி மறைப்பது ஆகிய மூன்றும்தான் நமக்குத் தெரிந்த வைத்தியம். இப்போது ஈப்போவிலிருந்து வந்து செய்து கொடுக்கும் நிறுவனங்கள் இருக்கின்றன. அம்மாவின் வீட்டில் இந்தப் பணி நடந்தபோது பக்கத்தில் இருந்து பார்த்ததையும், அதற்கு முன்னும் பின்னும் படித்துத் தெரிந்துகொண்டதையும் இங்கே எழுதுகிறேன். பழைய வரிசை வீடுகளில் இந்தத் தொல்லைக்குத் தனியான ஒரு குணம் உண்டு. நம் சுவரில் பூஞ்சணம் படர்ந்திருக்கும். அதை வளர்க்கும் நீர் அடுத்த வீட்டிலிருந்து வந்துகொண்டிருக்கும்.

எல்பில், ஹீவுட் முதலிய ரப்பர்த் தோட்டங்கள் சூழ்ந்த ஊர் இது. தாமான்களில், அதாவது குடியிருப்புப் பகுதிகளில், இன்று வாழும் தமிழ்க் குடும்பங்களில் பெரும்பாலானவை ஒரு தலைமுறைக்கு முன்னால் ஏதோ ஒரு தோட்டத்து லயத்தில் இருந்தவைதாம். பல தோட்டங்களில் லயத்து வீடுகள் தூண்களின் மேல் நின்றன. பலகைச் சுவர், அடியில் காற்று போகும் வெற்றிடம், கூரைக்கும் சுவருக்கும் இடையே வெளிச்சம் தெரியும் இடைவெளி. மழையில் நனைந்தாலும் மறுநாள் வெயிலில் அவை காய்ந்துவிடும். அங்கிருந்து சிமெந்துத் தரையும் செங்கல் சுவரும் கொண்ட மலிவு விலை வரிசை வீடுகளுக்கு வந்தபோது, வாளி வாளியாக நீர் ஊற்றித் தரையைக் கழுவும் பழக்கத்தையும், மழைக்காலத்தில் துணியை வீட்டுக்குள் கொடி கட்டி உலர்த்தும் பழக்கத்தையும் கூடவே கொண்டுவந்தோம். இருபுறமும் அண்டை வீடு ஒட்டி நிற்கும் கட்டடத்தில் காற்றுக்கு முன்பக்கமும் பின்பக்கமும்தான் வழி. பின்பக்கத்தையும் சமையலறையை நீட்டிக் கட்டி அடைத்துவிட்டால், நடு அறைகளில் புழுக்கம் தங்கிப்போகிறது.

பூஞ்சண வித்து இல்லாத வீடு என்று ஒன்று கிடையாது. கதவைத் திறக்கும்போதெல்லாம் அது காற்றோடு வருகிறது. அதற்கு உணவாக மரம், அட்டை, காகிதம், தூசி, சாயத்தில் உள்ள பசைப்பொருள் எதுவும் ஆகும். வேண்டிய வெப்பத்தை நம் நாட்டு வானிலை ஆண்டு முழுவதும் தருகிறது. ஆகவே நம் கட்டுப்பாட்டில் இருப்பது நீர் ஒன்றுதான். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, வீட்டுக்குள் ஒப்பு ஈரப்பதம் 60 விழுக்காட்டுக்குக் கீழே, முடிந்தால் 30 முதல் 50 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்றும், நனைந்த பொருளை 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உலர்த்திவிட்டால் பெரும்பாலும் பூஞ்சணம் பிடிக்காது என்றும் சொல்கிறது. நம் ஊரில் நள்ளிரவுக் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டுவது சாதாரணம். ஜன்னலைத் திறந்து வைத்தால் சரியாகிவிடும் என்று சொல்பவர்கள் இதை எண்ணிப் பார்ப்பதில்லை. நல்ல வெயில் அடிக்கும் நண்பகலில் ஜன்னலைத் திறப்பது உலர்த்தும். மழை ஓய்ந்த மாலையிலும் இரவிலும் திறப்பது ஈரத்தை வீட்டுக்குள் அழைப்பதாகும்.

அடுத்த வீட்டிலிருந்து நீர் வரும் வழிகளில் முதலாவது கூரை. வரிசையில் ஒரு வீட்டார் பின்பக்கத்தை நீட்டும்போது கூரையையும் சற்று உயர்த்திக் கட்டுவார்கள். உயர்ந்த சுவரும் தாழ்ந்த கூரையும் சந்திக்கும் கோட்டில் ஃபிளாஷிங் தகடு ஒன்றைச் சுவருக்குள் வெட்டிச் செருகி அடைக்க வேண்டும். செலவைக் குறைப்பதற்காகத் தகட்டைச் சுவரின் மேல் ஒட்டவைத்து, விளிம்பில் சிலிக்கோன் பூசிவிட்டுப் போய்விடுகிறார்கள். சில ஆண்டு வெயிலில் சிலிக்கோன் சுருங்கி விலகிவிடும். அதன் பிறகு ஒவ்வொரு மழையிலும் இரண்டு வீட்டுச் சுவர்களுக்கு நடுவே நீர் இறங்குகிறது. இரு வீட்டாரும் தனித்தனியாக நீட்டிக் கட்டியிருந்தால் அந்த இரண்டு சுவர்களுக்கு இடையே விரல் நுழையும் அளவுக்கு ஓர் இடுக்கு இருக்கும். மேலே மூடி இல்லாத அந்த இடுக்குக்குள் வெயிலும் போகாது, தூரிகையும் போகாது. அங்கே தேங்கும் ஈரம் இரண்டு சமையலறைகளுக்கும் சமமாகப் பங்கு போகிறது.

இரண்டாவது, குளியலறை. வரிசை வீடுகளின் வரைபடம் பெரும்பாலும் கண்ணாடியில் பார்த்தது போல் ஒன்றுக்கொன்று எதிர்முகமாக இருப்பதால், இரு வீட்டுக் குளியலறைகள் ஒரே சுவரில் முதுகோடு முதுகு சேர்ந்து நிற்கும். ஒரு வீட்டார் மட்டும் அமைப்பை மாற்றிக் குளியலறையை வேறிடத்துக்குக் கொண்டுபோனால், அடுத்த வீட்டுப் படுக்கையறைச் சுவருக்குப் பின்னால் ஷவர் ஓடத் தொடங்கும். பழைய வீடுகளில் ஓடுகளுக்கு அடியில் நீர்த்தடுப்புப் பூச்சு இருப்பது அரிது. அந்தக் காலத்து இரும்புக் குழாய்கள் உள்ளேயே துருப்பிடித்து ஊசித்துளையளவு கசிவதும் உண்டு. 1984-ஆம் ஆண்டின் சீர்நிலைக் கட்டடத் துணைச்சட்டங்கள் இரு வீட்டுக்கும் நடுவே உள்ள பொதுச்சுவர் பொதுவாக 200 மில்லிமீட்டர் கனத்துக்குக் குறையக் கூடாது என்கின்றன. அதற்கு முந்தைய மலிவு விலை வீடுகளில் அதில் பாதிக் கனமே உள்ள பொதுச்சுவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். அத்தகைய சுவரில் ஒரு பக்கத்து நீர் மறுபக்கம் தலைகாட்ட அதிக நாள் பிடிப்பதில்லை.

மூன்றாவது வழியைப் பலரும் நம்ப மறுக்கிறார்கள்: அடுத்த வீட்டு ஏர்கோன். அவர்கள் அறையை இரவு முழுவதும் 18 பாகையில் குளிர வைத்தால், பொதுச்சுவரும் குளிர்ந்துபோகிறது. நம் பக்கத்து அறையில் ஏர்கோன் இல்லை, ஜன்னல் திறந்திருக்கிறது. மழை ஓய்ந்த மாலையில் காற்று 26 பாகை செல்சியஸ் வெப்பத்திலும் 90 விழுக்காடு ஈரப்பதத்திலும் இருந்தால், ஏறத்தாழ 24 பாகைக்குக் குளிர்ந்த எந்தப் பரப்பிலும் அதன் நீர் படிந்துவிடும். நீர்த்துளி கண்ணுக்குத் தெரிய வேண்டியதுகூட இல்லை. சுவரை ஒட்டிய காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல் நாட்கணக்கில் நின்றால் பூஞ்சணத்துக்கு அதுவே போதும். அந்தச் சுவரோடு ஒட்டுப்பலகை அலமாரியைச் சேர்த்து வைத்திருப்போம். காற்றே புகாத அந்த இருட்டில் அலமாரியின் முதுகுப்பலகை முழுவதும் சாம்பல் பூத்துவிடும். இங்கே குழாயும் இல்லை, கூரை ஒழுக்கும் இல்லை. ஆகவே குழாய்க்காரர் வந்து எத்தனை முறை தோண்டினாலும் ஒன்றும் அகப்படாது.

இவற்றில் எது நம் வீட்டில் நடக்கிறது என்பதைப் பணம் செலவழிப்பதற்கு முன்பே ஓரளவு கண்டுபிடித்துவிடலாம். சந்தேகப்படும் இடத்தைத் துடைத்துக் காயவிட்டு, ஒரு முழ அகல அலுமினியத் தாளை நான்கு விளிம்பிலும் நாடாவால் காற்றுப் புகாமல் ஒட்டி இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். தாளின் அறைப்பக்கம் வியர்த்திருந்தால் காற்றின் ஈரம் குளிர்ந்த சுவரில் படிகிறது. தாளுக்குப் பின்னால் நனைந்திருந்தால் நீர் சுவருக்குள்ளிருந்து வருகிறது. இரவில் எல்லாக் குழாய்களையும் மூடி, நீர்மானியின் எண்ணைக் குறித்து வைத்துக் காலையில் ஒப்பிட்டால் நம் வீட்டுக் குழாய் கசிகிறதா என்பது தெரிந்துவிடும். தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரம் வரை மட்டும் கறை ஏறி, அதன் மேல்விளிம்பில் வெள்ளைப்பொடி பூத்திருந்தால் அது நிலத்து ஈரம். அந்த வெள்ளைப்பொடி பூஞ்சணமன்று, சுவரிலிருந்து வெளியேறும் உப்பு. ஒரு சொட்டு நீரில் உப்பு கரைந்துவிடும், பூஞ்சணம் கரையாது. வீட்டு முன்பக்கத்துப் போர்ச்சுக்கு உயரமாக ஓடு பதித்த பிறகுதான் இந்தக் கறை வந்தது என்றால், காரணம் அந்த உயர்த்திய தரைதான், தேடி அதிக தூரம் போக வேண்டியதில்லை.

சோதிக்க வருபவர்கள் இரண்டு கருவிகளைக் காட்டுவார்கள். வெப்பப்படக் கருவி நீரைப் பார்ப்பதில்லை, வெப்பநிலை வேறுபாட்டை மட்டுமே பார்க்கிறது. அடுத்த வீட்டு ஏர்கோனால் குளிர்ந்த உலர்ந்த சுவரும் அதில் நீலமாகத்தான் தெரியும். முள் வைத்த ஈரமானி மரத்துக்கென அளவிடப்பட்டது. செங்கல்லில் அது காட்டும் விழுக்காட்டுக்குத் தனியான பொருள் இல்லை. ஓரிடத்தை மற்றோரிடத்தோடு ஒப்பிடத்தான் அது உதவும், உப்பு ஏறிய சுவரிலோ அது உலர்ந்த இடத்தையும் ஈரம் என்று காட்டும். ஒரே ஓர் இடத்தில் முள்ளைக் குத்தி, எண்ணைக் காட்டிப் பயமுறுத்துபவரைவிட, சுவர் முழுவதும் கட்டம் கட்டமாக அளந்து சுண்ணக்கட்டியால் குறித்துக்கொண்டு போகிறவரை நம்பலாம்.

அம்மாவின் வீட்டுக்கு முதலில் வந்த ஒரு நிறுவனத்தார் கூரையில் ஏறவே இல்லை. அறைக்குள் மருந்துப்புகை அடித்து, பூஞ்சணத்தடுப்புச் சாயம் பூசினால் ஐந்து ஆண்டு உத்தரவாதம் என்றார்கள். ஒழுக்கு நின்றிருக்கிறதா என்று கேட்டதற்கு அது எங்கள் வேலை அல்ல என்றார்கள். குழாயைத் திறந்து விட்டுவிட்டுத் தரையைத் துடைப்பதற்குக் கூலி கேட்பது போல இருந்தது அது. அவர்களை அனுப்பிவிட்டு, அடுத்த வீட்டு மாமாவிடம் போய், அவர் வீட்டுப் பக்கத்துக் கூரையில் ஆள் ஏறிப் பார்க்க அனுமதி கேட்டேன். அவர் பால் மரம் வெட்டி ஓய்வு பெற்றவர், எதையும் சுற்றி வளைக்காமல் பேசுபவர். “ஏறிப் பாருங்க தம்பி, எங்க சமையல்கட்டு மூலையிலயும் இதே கறைதான், நான் உங்க வீட்டுத் தண்ணின்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன்” என்றார். இரு வீட்டாரும் மற்றவர் வீட்டு நீர் என்றே ஆண்டுக்கணக்கில் எண்ணியிருந்திருக்கிறோம். நடு இடுக்கின் தலையில் தகடு இல்லை என்பது ஏணி வைத்த அன்றே தெரிந்துவிட்டது.

இந்த இடத்தில் சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அடுக்குமாடி வீடுகளில் மேல்மாடி ஒழுகினால் 2013-ஆம் ஆண்டின் ஸ்ட்ராட்டா நிர்வாகச் சட்டமும் அதன் கீழுள்ள விதிமுறைகளும் உண்டு. புகார் கொடுத்தால் நிர்வாகம் வந்து சோதித்துக் காரணத்தை எழுதிக் கொடுக்க வேண்டும். தனிப்பட்டா உள்ள சாதாரணத் தரை வரிசை வீடுகளுக்கு அப்படி ஒரு நிர்வாகம் கிடையாது. ஒத்துவராத அண்டை வீட்டாருக்கு எதிராக நீதிமன்றம் போகலாம் என்பது உண்மைதான். ஆனால் ஒரு ஃபிளாஷிங் தகட்டுக்கு ஆகும் செலவைப் போல் பல மடங்கு வழக்கறிஞருக்கே போய்விடும். ஆகவே, “உங்கள் வீட்டால் என் வீடு நாசமாகிறது” என்று தொடங்காமல், அவர்கள் பக்கத்துச் சுவரையும் ஒருமுறை பார்க்கலாமா என்று கேட்டுத் தொடங்குவதுதான் என் கணக்கில் சரியான வழி. அவர்கள் பக்கமும் பெரும்பாலும் நனைந்துதான் இருக்கும். செலவைப் பாதியாகப் பகிர்ந்துகொண்டு, தகட்டை இரு சுவர்களுக்கும் சேர்த்து ஒரே மூடியாகப் போடுவது தனித்தனியாக அடைப்பதைவிட நீடித்து நிற்கும்.

நீர் நின்ற பிறகுதான் அகற்றும் பணி. அமெரிக்க முகமையின் வழிகாட்டுதலில் 10 சதுர அடிக்கு, அதாவது ஏறக்குறைய மூன்றடிக்கு மூன்றடிக்கு உட்பட்ட பூஞ்சணத்தை வீட்டாரே அகற்றலாம் என்று இருக்கிறது. அதற்கு மேல் போனால், அல்லது சீலிங்குக்கு மேல் பரவியிருந்தால், அல்லது வீட்டில் ஆஸ்துமா நோயாளியோ கீமோ சிகிச்சை பெறுபவரோ இருந்தால் ஆள் வைப்பது நல்லது. கறுப்பாக இருந்தால்தான் ஆபத்து என்று ஒரு பேச்சு இருக்கிறது. நிறத்தைப் பார்த்து இனத்தைச் சொல்ல முடியாது. எந்த நிறமானாலும் அகற்றும் முறை ஒன்றுதான். என்ன இனம் என்று அறிவதற்காகவே ஆய்வகத்துக்குப் பணம் கட்டுவது பெரும்பாலும் வீண்.

குளோரோக்ஸ் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஓடு, கண்ணாடி போன்ற நீர் உறிஞ்சாத பரப்பில் அது கறையைப் போக்கும். சிமெந்துப் பூச்சிலும் மரத்திலும் அதிலுள்ள குளோரின் மேலேயே செயலிழந்துவிட, உடன் வந்த நீர் உள்ளே இறங்குகிறது. நிறம் வெளுத்துவிடுவதால் போய்விட்டது என்று நினைக்கிறோம், வேர் அடியில் இருக்கிறது. செத்த பூஞ்சணமும் ஒவ்வாமையை உண்டாக்கும் என்பதால் கொல்வது போதாது, அகற்ற வேண்டும். கழிவறை கழுவும் அமிலத்தோடோ வினிகரோடோ குளோரோக்ஸ் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். அமோனியா உள்ள கண்ணாடித் துடைப்பானோடு கலந்தால் வேறொரு நச்சுவாயு. அடைத்த குளியலறையில் இவற்றைக் கலந்துவிட்டு மூச்சு முட்டி வெளியே ஓடி வந்தவர்களை எல்லாத் தாமானிலும் காணலாம்.

முறையாகச் செய்பவர்கள் முதல் நாள் எதையும் சுரண்டுவதில்லை. பணி நடக்கும் அறையைக் கனமான பிளாஸ்டிக் விரிப்பால், ஏறத்தாழ 0.15 மில்லிமீட்டர் கனமுள்ளதால், தரையிலிருந்து சீலிங் வரை மறைத்து நாடா ஒட்டுகிறார்கள். ஏர்கோனை நிறுத்தி, மின்விசிறியை அணைத்து இரண்டையும் மூடுகிறார்கள். பிறகு ஹெப்பா வடிகட்டி பொருத்திய காற்றிழுக்கும் எந்திரத்தை உள்ளே வைத்துக் காற்றை வெளியே தள்ளுகிறார்கள். அறைக்குள் அழுத்தம் குறைவதால் காற்று வெளியிலிருந்து உள்ளேதான் போகும், வித்துகள் கூடத்துக்கு வருவதில்லை. ஹெப்பா என்பது 0.3 மைக்ரான் அளவுள்ள துகள்களில் 99.97 விழுக்காட்டைப் பிடிக்கும் வடிகட்டி. பூஞ்சண வித்துகளில் பெரும்பாலானவை அதைவிடப் பெரியவை. வரிசை வீட்டில் அந்த எந்திரத்தின் குழாய் எங்கே போகிறது என்பதை நாம் கவனிக்க வேண்டும். முன்பக்கம் அடுத்த வீட்டு ஜன்னல் ஒரு கை தூரத்தில் இருக்கும். ஆகவே பின் சந்துப் பக்கம் விடச் சொல்லலாம். சில பழைய வரிசைகளில் பொதுச்சுவர் கூரை வரை எழும்பாமல் சீலிங்குக்கு மேல் நின்றுவிடுகிறது. அப்படிப்பட்ட வீட்டில் சீலிங்கைக் கழற்றினால் தூசி முழுவதும் அடுத்த வீட்டு மச்சுக்குப் போகும். அந்தத் திறப்பை முதலில் மூடுகிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பழைய சீலிங் என்றதும் கல்நார், அதாவது அஸ்பெஸ்டாஸ், நினைவுக்கு வர வேண்டும். அந்தக் காலத்து மலிவு விலை வீடுகளில் தட்டையான சிமெந்துத் தகடு போட்ட சீலிங்கிலும், அலை அலையான கூரைத் தகட்டிலும் அது இருக்க வாய்ப்புண்டு. கண்ணால் பார்த்துத் தெரியாது; ஒரு துண்டை ஆய்வகத்தில் கொடுத்துத்தான் தெரியும். உடையாமல் இருக்கும் வரை அதனால் பெரிய தீங்கில்லை. அதன்மேல் உள்ள பூஞ்சணத்தை உலர்ந்த நிலையில் சுரண்டினால், துளையிட்டால், வேகமாக நீரைப் பீய்ச்சிக் கழுவினால் நார்கள் காற்றில் கலக்கும். பூஞ்சணம் தரும் இருமலோடு ஒப்பிடவே முடியாத நோய்களை அவை பல ஆண்டுகள் கழித்துக் கொண்டுவரும். கல்நாரைக் கையாளும் தொழிலிடங்களுக்கு 1986-ஆம் ஆண்டிலேயே மலேசியாவில் தனி விதிமுறைகள் வந்துவிட்டன. பூஞ்சணம் அகற்ற வருபவரிடம் இதைப் பற்றிக் கேட்டால், அதெல்லாம் ஒன்றும் ஆகாது என்று பதில் வருமானால், தேநீர் கொடுத்து அனுப்பிவிடலாம்.

உள்ளே நடக்கும் வேலை பார்க்க எளிமையானது. நீர் உறிஞ்சிய பொருள்களை, அதாவது சீலிங் அட்டை, ஒட்டுப்பலகை, மெத்தை ஆகியவற்றை வெட்டி எடுத்து, அறைக்குள்ளேயே இரட்டைப் பையில் கட்டி, பையின் வெளிப்பக்கத்தைத் துடைத்த பிறகே வெளியே எடுக்கிறார்கள். உரிந்த சாயத்தை நீர் தெளித்து ஈரமாக்கிச் சுரண்டுகிறார்கள். உதிரும் சிமெந்துப் பூச்சைச் செங்கல் தெரியும் வரை கொத்தி எடுக்கிறார்கள். எஞ்சிய கடினப் பரப்புகளை ஹெப்பா தூசி உறிஞ்சியால் உறிஞ்சி, சாதாரண சோப்பு நீரால் துடைத்து, உலர்ந்ததும் மறுபடியும் உறிஞ்சுகிறார்கள். ஆட்கள் குறைந்தது என்95 முகக்கவசமும், காற்றோட்டத் துளை இல்லாத கண்காப்புக் கண்ணாடியும், நீண்ட கையுறையும் அணிந்திருக்க வேண்டும். இத்தொழிலில் பலரும் பின்பற்றும், துப்புரவு, சீரமைப்புப் பணிகளுக்குத் தரம் வகுக்கும் ஐ.ஐ.சி.ஆர்.சி. அமைப்பின் எஸ்520 தரவிதியும், மருந்தடித்துக் கொல்வதைவிடப் பூஞ்சணத்தை அதன் இடத்திலிருந்து எடுத்துவிடுவதையே அடிப்படையாகக் கொண்டது. புகை அடிப்பதும் ஓசோன் எந்திரம் வைப்பதும் வாசனையை மாற்றும். சுவரில் இருப்பது சுவரிலேயே இருக்கும்.

எதை வைத்துக்கொள்வது, எதை எறிவது என்பதில்தான் அம்மாவோடு வாதம் நடந்தது. சாமி அறைப் படங்களைக் கண்ணாடி பிரித்துப் பார்த்தால், பின்னால் உள்ள அட்டை முழுவதும் பூத்திருந்தது. அட்டையை மட்டும் எறிந்துவிட்டு, படத்தையும் கண்ணாடியையும் சட்டத்தையும் துடைத்து, புது அட்டை வைத்து, சுவரோடு ஒட்டாமல் இருக்க நான்கு மூலையிலும் சிறு ரப்பர் துண்டு ஒட்டி மாட்டினோம். பட்டுச் சேலைகளை வெயில் படாத இடத்தில் காற்றாட விரித்து, மென்மையான தூரிகையால் தட்டி எடுத்தோம். இரண்டைத் தவிர மற்றவை பிழைத்தன. அந்துருண்டை பூச்சியைத்தான் விரட்டும், பூஞ்சணத்தை விரட்டாது. அலமாரியைப் பொதுச்சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, கால் வைத்து உயர்த்தியாகிவிட்டது. அம்மாவின் கல்யாண மெத்தை மட்டும் போகத்தான் வேண்டியிருந்தது. அந்த நாளைப் பற்றி அதிகம் எழுதாமல் இருப்பது நல்லது.

கொத்திய சுவரை உலர்த்துவதற்குத்தான் பலருக்கும் பொறுமை இருப்பதில்லை. நம் காற்றில் சுவர் தானாகக் காய நெடுநாள் ஆகும். ஆகவே அறையை மூடிவிட்டு ஈரம் உறிஞ்சும் எந்திரத்தை ஓடவிடுவார்கள். மரச்சட்டங்களின் ஈரம் 20 விழுக்காட்டுக்கு நன்றாகக் கீழே வந்த பிறகே மூட வேண்டும். புதிதாகப் பூசிய சிமெந்துப் பூச்சுக்கு ஏறத்தாழ 28 நாள் கொடுத்த பிறகுதான் சாயம். பிப்ரவரியிலோ, ஜூன், ஜூலையிலோ இந்தப் பணியை வைத்துக்கொண்டால், மழை ஓரளவு விலகியிருப்பதால் ஒழுக்கையும் சரிசெய்யலாம், சுவரும் காயும். பண்டிகைக்கு மூன்று வாரம் இருக்கும்போது கூப்பிட்டால் எவ்வளவு நல்ல ஆளும் அவசர வேலைதான் செய்வார்.

பணி முடிந்ததா என்பதை யார் சொல்வது? செய்தவரே சான்று கொடுப்பது எனக்கு உடன்பாடில்லை. கண்ணுக்குப் புள்ளியும் தூசியும் தெரியாமல், வாசனை இல்லாமல், ஈரமானி அண்டை இடத்தோடு ஒத்த எண்ணைக் காட்டினால் பெரும்பாலும் போதும். காற்று மாதிரி எடுத்துச் சோதிக்க வேண்டும் என்று சொன்னால், அதே நேரத்தில் வெளிக்காற்றிலும் மாதிரி எடுக்கிறார்களா என்று கேளுங்கள். ஒப்பிட ஒன்று இல்லாத எண்ணுக்குப் பொருள் இல்லை. வேலையிடப் பாதுகாப்பு சுகாதாரத் துறையின் 2010-ஆம் ஆண்டு உட்புறக் காற்றுத்தர நெறிமுறை, ஒரு கனமீட்டர் காற்றில் பூஞ்சணக் கூட்டங்கள் 1,000-க்கு மேற்படக் கூடாது என்கிறது. அது வேலையிடங்களுக்கு எழுதப்பட்டது. வீட்டுக்கு அதை ஒரு குறிப்பாகக் கொள்ளலாமே ஒழிய, அந்த எண்ணைக் காட்டி வீடு நச்சாகிவிட்டது என்று மிரட்டுவதற்கு இடமில்லை. உலகச் சுகாதார நிறுவனம் 2009-இல் வெளியிட்ட ஈரம், பூஞ்சணம் பற்றிய வழிகாட்டுதலும், இவ்வளவுக்கு மேல் ஆபத்து என்று எண் எதையும் வரையறுக்காமல், ஈரத்தைத் தடுக்கவும் கண்ட பூஞ்சணத்தை அகற்றவுமே சொல்கிறது.

கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியத்தில் பதிவு செய்தவரா என்று பார்ப்பது நல்லது. ஆனால் அந்தப் பதிவு ஒருவருக்குப் பூஞ்சணப் பணி தெரியும் என்பதற்குச் சான்றாகாது. விலைப்பட்டியலில் சதுர அடிக்கு இவ்வளவு என்று மட்டும் எழுதியிருந்தால் போதாது. நீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டது, எந்தப் பொருளை வெட்டி எடுக்கப்போவது, மறைப்புக் கட்டுவது, கழிவை எங்கே கொண்டுபோவது, உத்தரவாதம் சாயத்துக்கா பூஞ்சணத்துக்கா என்பதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். முன்பணம் பாதிக்கு மேல் கேட்பவரிடம் எனக்கு நம்பிக்கை வருவதில்லை. எழுதிக் கொடுத்ததைச் செய்யாமல் போனால் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை மூன்று ஆண்டுக்குள் 5 ரிங்கிட் கட்டணத்தில் பதிவு செய்யலாம், வழக்கறிஞர் வேண்டியதில்லை. அங்கே பேசுவது ரசீதும் படமும்தான் என்பதால், வேலை தொடங்கும் முன் சுவரையும், கொத்திய பிறகு செங்கல்லையும், மூடுவதற்கு முன் ஈரமானியின் எண்ணையும் தேதி தெரியும்படி படம் எடுத்து, வாட்சாப்பில் வந்த விலைப்பட்டியலோடு ஒரே இடத்தில் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.